பயாஸை மாற்ற விண்டோஸைக் கடன் வாங்கிய காலம்

கணினியில் பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழித்துக்கொள்வது விண்டோசும் இல்லை, லினக்சும் இல்லை. மதர்போர்டில் ஒரு சிப்புக்குள் இருக்கும் பயாஸ்தான். இப்படி வன்பொருளுக்குள்ளேயே குடியிருக்கும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். அதிலும் பிழைகள் உண்டு. கம்பெனிகள் அவ்வப்போது திருத்திய பதிப்பை வெளியிடும். ஆனால் 2000-களில் அது பெரும்பாலும் டாஸிலோ விண்டோசிலோ மட்டும் ஓடும் கோப்பாகத்தான் வந்தது.

லினக்ஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? 1994-ல் ஜிம் ஹால் தொடங்கிவைத்த ஃப்ரீடாஸை ஒரு ஃப்ளாப்பியில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து பயாஸை மாற்றினார்கள். பிறகு லேப்டாப்புகளில் ஃப்ளாப்பி டிரைவே காணாமல் போனது! இதற்காகவே ஒரு பார்ட்டிஷனில் விண்டோசை விட்டுவைத்தவர்கள் உண்டு. (காசு கொடுத்து வாங்கிய பொருளைச் சரிசெய்ய, வேண்டாம் என்று ஒதுக்கியதை வீட்டிலேயே வைத்திருக்க வேண்டிய கொடுமை.) பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டே போய்விடும் என்ற பயத்தில் பழைய பயாஸோடு காலம் தள்ளியவர்களும் உண்டு.

டெல் லினக்சுக்கென்று சில கருவிகளை அப்போதே வெளியிட்டது. மற்ற கம்பெனிகளையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஃபெடோரா, உபுண்டு, சுசே என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிரல் எழுத யாருக்குக் கட்டுப்படியாகும்?

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ரெட் ஹாட் ஊழியர் ரிச்சர்ட் ஹியூஸ். மானிட்டரின் நிறத்தை அளக்கும் கலர்ஹக் என்ற சின்னக் கருவியை அவரே தயாரித்து விற்றார். அதாவது லினக்ஸ்காரர், வன்பொருள் வியாபாரி, இரண்டும் அவரே. 2015-ல் அவர் எல்விஎஃப்எஸ் என்ற பொது சேவையைத் தொடங்கினார். கம்பெனி தன் கோப்பை அங்கே ஏற்றினால் போதும். எல்லா லினக்சும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். பயாஸுக்குப் பின் வந்த யுஇஎஃப்ஐயும் கைகொடுத்தது. இயங்குதளத்தின் வேலை கோப்பை ஒப்படைப்பதோடு சரி. அடுத்த பூட்டில் ஃபர்ம்வேரே கையொப்பத்தைச் சரிபார்த்துத் தன்னை மாற்றி எழுதிக்கொள்ளும்.

2016-ல் மவுஸ்ஜாக் என்ற ஓட்டை வெளிவந்தது. சற்றுத் தள்ளி நின்றபடியே, வயர்லெஸ் மவுசின் ரிசீவர் வழியாக அடுத்தவர் கணினியில் தட்டச்சு செய்ய முடிந்தது. லினக்ஸ் வைத்திருந்தாலும் ஆபத்து அதேதான்! லாஜிடெக் விவரங்களைத் தந்து உதவ, 2017-ல் ஹியூஸ் லினக்சிலிருந்தே ரிசீவரைச் சரிசெய்ய வழி செய்தார். 2018-ல் லெனோவாவும் எல்விஎஃப்எஸ்ஸில் சேர்ந்தது.

சேராத கம்பெனிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் பொருளை வாங்கியவர் சில சமயம் விண்டோஸ் வைத்திருக்கும் நண்பரைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.