பால்மரமும் பல்லும்

மலாயாவின் ரெம்பாவ் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் தமிழர் சீவிய பால்மரத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் பழைய உறவு உண்டு.

ரப்பர் நாற்றுகள் 1877-இல் மலாயா வந்தன. அதற்கு முன்பே, 1851-இல், ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி இறுக்கிச் செய்யும் வல்கனைட்டுக்கு நெல்சன் குட்இயர் காப்புரிமை பெற்றிருந்தார். 1930-களின் இறுதியில் அக்ரிலிக் வரும்வரை பொய்ப்பற்கள் பெரும்பாலும் அந்த ரப்பரில்தான் பதிந்திருந்தன. வசதி குறைந்தவரும் பல்செட் கட்ட அது வழி திறந்தது.

1864-இல் நியூயார்க் பல் மருத்துவர் சான்ஃபோர்ட் பார்னம் மெல்லிய ரப்பர் தாளில் துளையிட்டுப் பல்லில் மாட்டினார். எச்சில் விலகி, பல் உலர்ந்து நின்றது.

பல்லில் எதையும் ஒட்ட இந்த உலர்வே உயிர். அமிலம் தடவிய எனாமலில் பிசின் பிடிக்கும் என்று 1955-இல் மைக்கேல் புவனகோர் காட்டினார். 1964-இல் சோசாக், ஐடல்மன் என்ற பல் மருத்துவர்கள் உடைந்த முன்பல்லில் நோயாளியின் சொந்தத் துண்டையே பொருத்தினர். 1985-இல் சூரிச்சில் வெர்னர் மோர்மன் கணினி கடைந்த பீங்கான் அடைப்பை வைத்தார்.

இயற்கைப் பல்லையே பொருத்துவது, கணினியால் கடைவது ஆகிய இவ்விரு வழிகளும் இப்போது ஒன்றுசேர்கின்றன. பிடுங்கிய ஞானப்பல்லைக் கிருமிநீக்கி, கணினி வரைந்த வடிவில் கடைந்து, சிதைந்த பல்லில் ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள் ஆய்வாளர்கள். பீங்கான் வகைகள் பலவற்றைவிட இயற்கை எனாமல் எதிர்ப்பல்லை மென்மையாகவே தேய்க்கும். ஒட்டும் வேளையில் பல்லைச் சுற்றி விரிவது பார்னத்தின் அதே ரப்பர் தாள். அத்தகைய தாள்கள் பலவற்றின் மூலப்பொருள் இன்னும் மரத்துப் பால்தான்.