செருப்பைக் கழட்டுறது மரியாதையா?

சிலம்பம் கத்துக்கிட்டவங்களுக்குத் தெரியும். களத்துல இறங்கும்போது செருப்பை ஓரமா விட்டுடணும். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, வாத்தியாரைக் கும்பிட்டு, எதிர்ல நிக்கிறவருக்கும் ஒரு வணக்கம். இதையே வரிசையா ஆடிக் காட்டுறதுக்குச் சில இடங்கள்ல 'சலாம் வரிசை'ன்னு பேரு. சலாம் அரபி, வரிசை தமிழ். கோயிலும் சர்ச்சும் தர்காவும் பக்கத்துப் பக்கத்துல இருக்கிற எங்க காரைக்காலுக்குப் பொருத்தமான பேருதான் :-)

வெறுங்கால்னா எனக்கு இன்னொரு கதையும் ஞாபகம் வரும். கோர்ட்டுல நடந்த கதை.

காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்த ஊர். சுத்தி எல்லாம் தஞ்சாவூர்ச் சீமை, நடுவுல தனித் துண்டா நாங்க. தலைநகரம் புதுச்சேரி. அங்கே 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளைன்னு ஒரு வக்கீல் ஷூ போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குப் போனார். இந்தியர்கள் காலணியைக் கழட்டிட்டு வர்றதுதான் நீதிமன்றத்துக்கு மரியாதைன்னு அப்போ வழக்கம். நீதிபதி ஒத்துக்கலை, அவரை வாதாட விடலை. மனுஷன் சும்மா இருக்கலை. பாரீஸ்ல இருக்கிற உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயிச்சார்!

கதை அதோட முடியலை. 1881 செப்டம்பர் 21-ல் ஓர் அரசாணை வந்தது. பிரெஞ்சிந்தியாவில் இருக்கிற யாரும் தங்களோட சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்துட்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள்ள வரலாம். கூடவே ஒரு குடும்பப் பேரும் வெச்சுக்கணும். பொன்னுத்தம்பி தனக்கு வெச்சுக்கிட்ட பேர் 'லபோர்த்'. பிரெஞ்சுல 'கதவு'ன்னு அர்த்தம். அந்தக் கதவு வழியாப் போனவங்கள்ல கிறிஸ்தவர்களும் தாழ்த்தப்பட்ட சாதியினரும் நிறைய. காரைக்கால்லேர்ந்தும் போனாங்க, பல பேர் பிரெஞ்சு ராணுவம், இந்தோசீனான்னு வேலைக்குக் கிளம்பினாங்க. இன்னிக்கும் எங்க ஊர்ல பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் உண்டு.

ஆனா சட்டம் மாறினதும் மரியாதை வந்துடுச்சான்னா, இல்லை. 1884-லேயே வாக்காளர் பட்டியலை மூணாப் பிரிச்சாங்க: ஐரோப்பியர், துறந்தவர், மத்த இந்தியர். சட்டத்துல சமம், பட்டியல்ல தனி!

எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னும் மோசம். தஞ்சை வயல்கள்ல பண்ணையாள் செருப்பு போட முடியாது, துண்டைத் தோள்ல போட முடியாது. அதுக்குப் பேரும் மரியாதைதான். மீறினா சாட்டையடி, சாணிப்பால். பி. சீனிவாச ராவ் போன்றவங்க சங்கம் கட்டிப் போராடி, 1944-ல் மன்னார்குடி ஒப்பந்தம் வந்தப்பதான் இதெல்லாம் கூடாதுன்னு எழுத்துல ஆச்சு.

இப்போ களத்துக்கு வருவோம். அங்கேயும் வெறுங்கால், இங்கேயும் வெறுங்கால். என்ன வித்தியாசம்?

எங்க வாத்தியார் கம்பைக் கையில கொடுக்கிறதுக்கு முன்னாடி வாரக்கணக்கா காலடி மட்டும்தான் போட வெச்சார். கால் மண்ணை உணரணும், அதனாலதான் வெறுங்கால். அவரோட செருப்பும் எங்க செருப்புக்குப் பக்கத்துலதான் கிடக்கும். கோர்ட்டுல நீதிபதி ஷூவைக் கழட்டினாரா? வயல்ல மிராசுதார் கழட்டினாரா?

வணக்கமும் அப்படித்தான். பத்து வயசுப் பையன் எதிர்ல நின்னாலும் நான் வணக்கம் வெச்சுட்டுத்தான் கம்பைச் சுத்தணும். அவன் எந்தத் தெரு, என்ன சாதின்னு களத்துல யாரும் கேக்கிறதில்லை. கம்பு மேல பட்டா, பட்டவனே "பட்டுச்சு"ன்னு சொல்லணும். "தம்பி, அடுத்தவன் சொல்ற வரைக்கும் காத்திருக்காதே"ம்பார் வாத்தியார். அதேபோல ஓங்கின கம்பைத் தொட்டதோட நிறுத்தத் தெரியணும், மண்டையை உடைக்கிறது வித்தை இல்லை.

ரெண்டு பக்கமும் குனிஞ்சா மரியாதை, ஒரு பக்கம் மட்டும் குனியணும்னா அது அடிமைத்தனம். இதை என் புத்திக்கு எட்டினதா நினைக்கிறேன், நீங்க மறுக்கலாம்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுல சிலம்பம் காட்சி விளையாட்டா இருந்துச்சு. சந்தோஷம். இனிமே பதக்கத்துக்காகவும் நிறைய பசங்க வருவாங்க. வீச்சு, வேகம் எல்லாத்துக்கும் புள்ளி போட்டுடலாம். "பட்டுச்சு"ன்னு தானாச் சொல்றவனுக்கு எப்படிங்க புள்ளி போடுறது?