நம்ம ஆளு, அவங்க ஆளு: 1798-ல் ஒரு சாராயக்கடைப் பேச்சு

இன்னைக்குக் கதை ஒரு சாராயக்கடையில ஆரம்பிக்குது.

1798 ஜூலை மாசம். அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாநிலத்துல நியூவார்க் என்கிற ஊர். அப்போ நாட்டோட தலைநகரம் பிலடெல்ஃபியா. அங்கிருந்து மாசசூசெட்ஸ்ல இருக்கிற சொந்த வீட்டுக்குக் கிளம்பின அதிபர் ஜான் ஆடம்ஸ், வழியில இந்த ஊரைக் கடந்து போறார். பீரங்கி வெடிச்சு மரியாதை பண்றாங்க. அந்த நேரம் லூதர் பால்ட்வின் என்கிற ஒருத்தர் நல்ல போதையில கடைக்கு வர்றார். அதிபர் அந்தப் பக்கம் போயிட்டாரு, இவங்க அவரு பின்பக்கத்தைப் பார்த்துச் சுடுறாங்கன்னு அங்க ஒருத்தர் கிண்டல் அடிக்கிறார். அந்தக் குண்டு பின்பக்கத்துலயே பாய்ஞ்சாலும் எனக்கு ஒண்ணும் கவலை இல்லைன்னு பால்ட்வின் சொல்றார். அவர் சொன்ன வார்த்தை இதைவிடக் கொஞ்சம் பச்சை.

கடைக்காரர் காதுல இது விழுந்துருச்சு. இது தேசத்துரோகப் பேச்சுன்னு அவர் பிடிச்சுக்கிட்டார். விஷயம் ஃபெடரல் கோர்ட் வரைக்கும் போச்சு. 1799-ல் பால்ட்வினுக்கு 150 டாலர் அபராதம். கட்டி முடிக்கிற வரைக்கும் சிறை.

நமக்குத் தேசத்துரோக வழக்குன்னா உடனே வ.உ.சி. ஞாபகம் வரும். அங்கே எதிர்ல இருந்தது வெள்ளைக்கார அரசு. ஆனா நியூவார்க்ல ராஜாவும் இல்லை, அந்நியனும் இல்லை. இங்கிலாந்து ராஜாவை எதிர்த்துப் போராடி, சுதந்திரம் வாங்கி, தனக்குன்னு ஒரு அதிபரைத் தேர்ந்தெடுத்த நாடு அது. அந்த நாட்டுல ஒரு சாதாரண மனுஷன் அதிபரைப் பத்திக் கடையில அடிச்ச ஜோக் எப்படிக் குற்றமாச்சு?

கொஞ்சம் பின்னாடி போகணும். அமெரிக்க அரசியல் சட்டத்துல கட்சின்னு ஒரு வார்த்தையே கிடையாது. கட்சி கட்டுறது நாட்டைப் பிளக்கிற வேலைன்னுதான் அதை எழுதின தலைமுறை நினைச்சது. ஜார்ஜ் வாஷிங்டன் 1796-ல் விடைபெறும்போது கட்சி வெறி ஆபத்துன்னு எச்சரிச்சுட்டுத்தான் போனார். ஆனா அதுக்குள்ள ரெண்டு அணி உருவாகிடுச்சு. ஒரு பக்கம் ஆடம்ஸ் இருந்த ஃபெடரலிஸ்ட் கட்சி. இன்னொரு பக்கம் தாமஸ் ஜெஃபர்சன் தலைமையில ரிபப்ளிகன்கள். இன்னைக்கு இருக்கிற ரிபப்ளிகன் கட்சி வேற, அது 1854-ல் தொடங்கினது. குழப்பிக்காதீங்க.

ரெண்டு அணிக்கும் நடுவுல எரியிற பிரச்சினை பிரான்ஸ். பிரெஞ்சுக் கப்பல்கள் அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிடிக்குது. சமாதானம் பேசப் போன தூதர்கள்கிட்ட பிரெஞ்சு ஆட்கள் லஞ்சம் கேட்டாங்கன்னு 1798-ல் செய்தி வெளியே வந்ததும் நாடே கொதிச்சுப் போச்சு. ஃபெடரலிஸ்ட் ஆதரவாளர்கள் தொப்பியில கறுப்பு ரிப்பன் பூ குத்திக்கிட்டாங்க. எதிர் அணிக்காரங்க பிரெஞ்சுப் புரட்சியோட மூவண்ணப் பூ குத்திக்கிட்டாங்க. தொப்பியைப் பார்த்தாலே யார் எந்தக் கட்சின்னு தெரியும். பிலடெல்ஃபியா தெருவுல இதுக்காகவே கைகலப்பு நடந்தது.

இதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ஜெஃபர்சன் ஒரு கடிதத்துல வருத்தப்பட்டு எழுதியிருக்கார். வாழ்நாள் முழுக்க நெருங்கிப் பழகினவங்ககூட இப்போ எதிர்ல பார்த்தா தெருவோட மறுபக்கம் போயிடுறாங்க, தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்ல வேண்டி வருமேன்னு முகத்தைத் திருப்பிக்கிறாங்க என்கிறது அதோட சாரம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல மாமாவை மியூட் பண்றவங்களுக்கு இது நல்லாவே புரியும்.

இதுல ஒண்ணு கவனிங்க. எதிர்க்கட்சின்னா ஆட்சிக்கு வரக் காத்திருக்கிற இன்னொரு குழு, அவ்வளவுதான் என்கிற எண்ணம் அப்போ யார்கிட்டயும் கிடையாது. ஃபெடரலிஸ்ட்கள் பார்வையில எதிர் அணி பிரான்ஸோட கைக்கூலி. ரிபப்ளிகன்கள் பார்வையில ஆடம்ஸ் முடி சூட்டிக்கத் துடிக்கிற ஆள். ரெண்டு பக்கமும் சும்மா மேடையில பேசலை, உண்மையாவே நம்பினாங்க. எதிர்ல இருக்கிறவன் துரோகின்னு நம்பிட்டா அவன் வாயை அடைக்கச் சட்டம் போடுறது தப்பாவே தெரியாது.

1798 ஜூலை 14-ம் தேதி ஆடம்ஸ் தேசத்துரோகச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். அரசு, நாடாளுமன்றம், அதிபர் இவங்க மேல பொய்யா, கெட்ட நோக்கத்தோட அவதூறு பரப்பினா 2,000 டாலர் வரை அபராதம், ரெண்டு வருஷம் வரை சிறை. பாதுகாப்புப் பட்டியல்ல துணை அதிபர் பதவி மட்டும் இல்லை. அப்போ துணை அதிபர் யார்? எதிர் அணியோட ஜெஃபர்சன். அன்னைக்கு விதிப்படி அதிபர் தேர்தல்ல ரெண்டாவது வந்தவருக்குத்தான் அந்தப் பதவி. அவரை யார் வேணும்னாலும் திட்டலாம். சட்டத்துக்கு எக்ஸ்பைரி டேட்டும் இருந்தது: 1801 மார்ச் 3. அடுத்த அதிபர் பதவியேற்பு மார்ச் 4. ஒரு கோடுல இப்படி ஒரு கண்டிஷனைப் பார்த்தா, எழுதினவர் மனசுல என்ன இருந்ததுன்னு கமென்ட் படிக்காமலே சொல்லிடலாம்.

இந்தச் சட்டத்துல மாட்டினவங்க பெரும்பாலும் எதிர் அணிப் பத்திரிகை ஆசிரியர்கள். ஆனா எனக்கு மறக்க முடியாத வழக்கு மாசசூசெட்ஸ்ல டெடம் என்கிற சின்ன ஊர்ல நடந்தது. அங்கே ஃபிஷர் ஏம்ஸ், ஃபெடரலிஸ்ட் கட்சியோட பெரிய பேச்சாளர். அவரோட கூடப் பிறந்த அண்ணன் நத்தானியேல் ஏம்ஸ், ஊர் டாக்டர், தீவிர ரிபப்ளிகன். ஒரே ஊர், ஒரே ரத்தம், ரெண்டு கட்சி.

1798 அக்டோபர்ல அந்த ஊர்ல சிலர் ஒரு சுதந்திரக் கம்பம் நட்டாங்க. புரட்சிக் காலத்துல இங்கிலாந்து ராஜாவுக்கு எதிரா நட்ட அதே மாதிரிக் கம்பம். அதுல ஒரு பலகை. தேசத்துரோகச் சட்டம் வேண்டாம், நிலவரி வேண்டாம், அதிபர் நிம்மதியா ஓய்வெடுக்கட்டும், துணை அதிபர் வாழ்க என்கிற மாதிரி வாசகங்கள். இதுக்காக ரெண்டு பேர் மேல வழக்கு.

ஒருத்தர் பெஞ்சமின் ஃபேர்பேங்க்ஸ், உள்ளூர்ல வசதியானவர். தப்புதான்னு ஒத்துக்கிட்டார். அவருக்காக ஃபிஷர் ஏம்ஸே கோர்ட்ல பேசினார். தண்டனை 5 டாலர், 6 மணி நேரச் சிறை. இன்னொருத்தர் டேவிட் பிரவுன். ஊர் ஊராப் போய் கூலி வேலை செஞ்சு, அரசியல் பேசினவர். அவரும் குற்றத்தை ஒத்துக்கிட்டார். உன்கூட இருந்தவங்க பேரைச் சொல்லுன்னு நீதிபதி சாமுவேல் சேஸ் கேட்டார். சொன்னா என் நண்பர்களை இழந்துடுவேன்னு மறுத்துட்டார். தண்டனை 18 மாசம் சிறை, 480 டாலர் அபராதம். கூலிக்காரர்கிட்ட 480 டாலர் ஏது? 18 மாசம் முடிஞ்சும் வெளியே வர முடியலை. ஆடம்ஸுக்கு மன்னிப்பு மனு போட்டார், கிடைக்கலை.

ஒரே கம்பம். ஒருத்தருக்கு 6 மணி நேரம், இன்னொருத்தருக்கு வருஷக் கணக்கு. தலைவர்கள் சண்டைக்குச் சாதாரண ஆட்கள் கொடுத்த விலை இது. அதுலயும் யாரும் இல்லாதவன் கொடுத்த விலைதான் அதிகம்.

சட்டம் நினைச்சது நடந்ததா? வெர்மான்ட் மாநில நாடாளுமன்ற உறுப்பினர் மேத்யூ லயனை 4 மாசம் உள்ளே போட்டாங்க. ஜெயில்ல இருந்துகிட்டே மறுபடியும் ஜெயிச்சார். 1800 அதிபர் தேர்தல்ல ஜெஃபர்சனும் அதே அணியோட ஆரன் பர்ரும் ஆளுக்கு 73 ஓட்டு, ஆடம்ஸுக்கு 65. சமநிலையைத் தீர்க்க நாடாளுமன்றம் 36 தடவை ஓட்டுப் போட்டது. கடைசிச் சுற்றுல வெர்மான்ட்டோட ஓட்டை ஜெஃபர்சனுக்குப் போட்டவர் யார்னு நினைக்கிறீங்க? அதே லயன்.

1801 மார்ச் 4. விடியறதுக்கு முன்னாடியே ஆடம்ஸ் வாஷிங்டனை விட்டுக் கிளம்பிட்டார், பதவியேற்பைப் பார்க்க நிக்கலை. ஆனா படையைக் கூப்பிடலை, நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு உட்காரவும் இல்லை. போனார். அவ்வளவுதான். பிரவுனுக்கு ஜெஃபர்சன் மன்னிப்புக் கொடுத்தார்.

இங்கே கைதட்டிட்டு முடிச்சிருந்தா நல்ல கதை. வரலாறு அப்படி முடியலை. பத்திரிகைகள் இப்போ ஜெஃபர்சனைக் கிழிக்க ஆரம்பிச்சது. 1803-ல் அவர் பென்சில்வேனியா ஆளுநருக்கு எழுதின கடிதத்துல, மாநிலச் சட்டங்கள்படி ஒரு சில வழக்கு போட்டா நல்லதுங்கிற தொனியில சொல்றார். நியூயார்க் மாநிலத்துல ஹாரி க்ராஸ்வெல் என்கிற ஃபெடரலிஸ்ட் பத்திரிகையாளர் மேல, ஜெஃபர்சனை அவதூறு பண்ணினதா வழக்கு நடந்தது. எழுதினது உண்மையா இருந்தா அது தற்காப்பா எடுத்துக்கப்படணும்னு 1804-ல் க்ராஸ்வெல்லுக்காக வாதாடினவர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன், ஃபெடரலிஸ்ட்களோட பெரிய தலைவர். பேச்சுரிமைக் கொடியைப் பிடிச்சவங்க ஆட்சிக்கு வந்து வழக்கு போடுறாங்க, சட்டம் போட்டவங்க கட்சி பேச்சுரிமைக்கு வாதாடுது. இடம் மாறினதும் வசனமும் மாறிடுச்சு.

நான் இந்தக் கதையில இருந்து எடுத்துக்கிறது இதுதான். கட்சிச் சண்டை ஆபத்தில்லை. தொப்பியில எந்தப் பூ வேணும்னாலும் குத்திக்கலாம், டீக்கடையில கத்தலாம். நம்ம ஆளைப் பேசினா அவதூறு, அவங்க ஆளைப் பேசினா கருத்துச் சுதந்திரம்னு நினைக்கிற இடத்துலதான் ஆபத்து. நியூவார்க் கடைக்காரருக்கு அன்னைக்கு அதிகாரம் கிடைச்சது அங்கிருந்துதான். ஒரு சட்டம் சரியா தப்பான்னு யோசிக்கும்போது, அது நமக்குப் பிடிக்காத கட்சி கையில இருந்தா எப்படி இருக்கும்னு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அதைவிட நல்ல டெஸ்ட் கேஸ் எனக்குத் தெரியலை.

ஆடம்ஸும் ஜெஃபர்சனும் பத்து வருஷத்துக்கு மேல பேசிக்கலை. 1812-ல் மறுபடியும் கடிதம் எழுத ஆரம்பிச்சாங்க. அந்தக் கடிதங்களைப் பத்தி அடுத்த எபிசோட்ல பேசுவோம்.