தலைச்சுமையோடு ஒரு நடை

வாட்ஸ்அப்பில் பலர் பார்த்திருக்கக்கூடிய துண்டுப்படம் அது. இரண்டு கால்கள், மேலே ஒல்லியான தண்டு, தண்டின் உச்சியில் தன்னைவிடப் பல மடங்கு பெரிய உருண்டை. ஒரு குழாயின் மேல் அடி மேல் அடி வைத்து அது நடக்கிறது, சந்தைக்கு வைக்கோல் கட்டு சுமந்து போகிறவரைப் போல. எண்டார்ஃபினை மூளைக்குள் இழுத்துச் செல்லும் மயோசின் இது, நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது மகிழ்ச்சியை என்று கீழே ஒரு குறிப்பு. குறிப்பு முழுக்கத் தப்பு. நடப்பது கைனசின் என்ற புரதம். சுமப்பது செல்லுக்குள் சரக்கு ஏற்றிப்போகும் சவ்வுப் பை. மகிழ்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்த நடையின் கதை கணவாயில் தொடங்குகிறது. கணவாயின் ராட்சத நரம்பிழை ஒரு மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். பற்பசையைப் பிதுக்குவதுபோல அதன் உள்கூழைப் பிதுக்கி எடுத்து நுண்ணோக்கியில் வைக்கலாம். நரம்புக்குள் சரக்கு எப்படி ஓடுகிறது என்று பார்க்க 1983-ல் ஸ்டான்ஃபோர்டின் ஆய்வு மாணவர் ரொனால்ட் வேலும் மைக்கேல் ஷீட்ஸும் கணவாய்க்குக் காத்திருந்தார்கள். அது எல் நினோ ஆண்டு, கலிபோர்னியாக் கரையில் கணவாய் வரவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்காவின் மறு கரைக்கு, மாசசூசெட்ஸின் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் கூடத்துக்குப் போனார்கள். அங்கே தாமஸ் ரீஸும் சேர்ந்துகொண்டார். வீடியோ கேமரா பொருத்திய நுண்ணோக்கியில், நுண்குழல் என்னும் இழைகளின் மேல் சின்னச் சின்னத் துகள்கள் ஊர்ந்தன. ஊர வைத்த புரதத்தைப் பிரித்தெடுத்து 1985-ல் கைனசின் என்று பெயரிட்டார்கள். கிரேக்கத்தில் அசைவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர்.

அப்போது அதற்குக் கால் இருப்பது யாருக்கும் தெரியாது. 1993-ல் அது 8 நானோமீட்டர் அடிகளாக நகர்கிறது என்று அளந்தார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் எட்டுக் கூறு. 1996-ல் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் அதன் பாதத்தின் வடிவத்தைக் காட்டியது. தசையை இயக்கும் மயோசினுக்கும் இதற்கும் அச்சு அசலாய் ஒரு குடும்பச் சாயல்! வாட்ஸ்அப் குறிப்பை எழுதியவர் தெரியாமலேயே பங்காளியின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

2000-ல் வேலும் ரொனால்ட் மில்லிகனும் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைக்கு கிரஹாம் ஜான்சன் ஓர் அசைபடம் செய்து தந்தார். அதில் கைனசின் நம்மைப்போல் ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து நடந்தது. அப்படித்தான் நடக்கிறது என்பதற்கு உறுதியான சான்று அன்று கிடையாது. இரண்டே ஆண்டில் வேறொரு குழு, புழுவைப்போல ஒரு பாதம் எப்போதும் முன்னாலேயே இருக்க நகர்கிறது என்று வாதிட்டது. 2004-ல் அஹ்மத் யில்டிஸும் பால் செல்வினும் (வேலும் இந்த ஆய்வில் உண்டு) ஒரே ஒரு பாதத்தில் ஒளிரும் சாயத்தை ஒட்டிப் பார்த்தார்கள். அந்தப் பாதம் ஒரு தரம் 17 நானோமீட்டர் (மொத்தப் புரதமும் ஓர் அடியில் நகரும் 8-ன் ஏறக்குறைய இரு மடங்கு) தாவியது, அடுத்த தரம் அசையவே இல்லை, மறுபடி 17. கால் மாற்றித்தான் நடக்கிறது. படம் முந்திக்கொண்டது, சான்று நான்கு ஆண்டு பின்னால் வந்து சேர்ந்தது. இந்த வரிசை எனக்குக் கொஞ்சம் பயம் தருகிறது. படம் தோற்றிருந்தால் பார்த்தவர்கள் மனத்திலிருந்து அதை யார் அழித்திருப்பார்கள்?

உலகம் பார்த்தது அதற்கடுத்த படத்தை. ஹார்வர்டின் ராபர்ட் லூவும் அலெய்ன் வீலும் மாணவர்களுக்காகத் திட்டமிட, கனெடிகட்டின் எக்ஸ்விவோ நிறுவனத்தில் ஜான் லீப்லர் முதன்மை அசைபடக் கலைஞராக இருந்து உருவாக்கிய 'செல்லின் உள்வாழ்க்கை', 2006. வெள்ளணு ஒன்று அழற்சி கண்ட இடத்துக்கு எப்படி வழி கண்டு போகிறது என்பதுதான் கதை. கைனசின் அதில் சில நொடிகளே வருகிறது. இசையோடு சுருக்கிய பதிப்பு இணையத்தில் பரவியபோது, ஜனங்கள் வெள்ளணுவை மறந்து சுமைகாரனைப் பிடித்துக்கொண்டார்கள்.

வகுப்பறைக்குச் செய்த படம், ஆகவே கண்ணுக்குத் தெளிவாக இருக்கவேண்டும். அதற்காகக் கூட்டத்தை அகற்றினார்கள். செல்லுக்குள் வெட்டவெளியே கிடையாது. தேர் நாளில் வடம் பிடிக்கும் நெரிசல்தான் அங்கே தினமும்: ஆயிரக்கணக்கான புரதங்கள் இடித்துத் தள்ள, நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதுகின்றன. அந்த அளவில் நிற்பதே பெரும் பாடு. கைனசின் தன் பின்னங்காலை நிதானமாக எடுத்து வைப்பதில்லை. முன்பாதத்தில் செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று வந்து ஒட்டியதும் பின்பாதம் முன்பக்கமாக வீசப்படுகிறது. பிறகு வெப்ப மோதல்களில் தத்தளித்துத் தடவி, அடுத்த பிடிமானத்தில் எப்படியோ சிக்கிக்கொள்கிறது. ஏடிபி செய்வது திசையைக் கொஞ்சம் சாய்த்துவிடுவதுதான். இத்தனையும் ஒரு நொடிக்குள் சுமார் நூறு தடவை. திரையிலோ, கடமை தவறாத கூலியாளின் நடை. நெரிசலை எடுத்ததும் அதற்கு ஒரு நோக்கம் வந்துவிட்டது, கிட்டத்தட்ட ஒரு முகமும். உயிர்களை ஓர் அறிவு வடிவமைத்தது என்று வாதிடுவோர் இந்தப் படத்தைக் கையில் எடுத்ததில் வியப்பில்லை. அந்தக் கட்சியைப் பேசிய 'எக்ஸ்பெல்டு' ஆவணப்படத்தில் இதேபோன்ற காட்சி இருப்பதாக 2008-ல் எக்ஸ்விவோ ஆட்சேபக் கடிதமே அனுப்பியது.

2014-ல் எக்ஸ்விவோவும் ஹார்வர்டும் சேர்ந்து நெரிசலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். புதிய படத்தில் புரதங்கள் நெருக்கியடிக்கின்றன, எல்லாம் உதறுகிறது. உண்மைக்கு அதுதான் பக்கம். ஆனால் கைபேசிகளில் இன்றும் நடப்பது பழையதுதான்.

பழையதை முழுக்கத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. சிலவற்றை விளக்க அது கைகொடுக்கும். நம் ஊர்ச் சுடுகாட்டு மல்லியிலிருந்து, அதுதான் நித்தியகல்யாணி, வின்கிறிஸ்டின் என்ற மருந்து கிடைக்கிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குக் கொடுப்பார்கள். நுண்குழல்கள் உருவாவதை அது தடுப்பதால் புற்றுச்செல் பிளவுபட முடியாமல் சாகிறது. அதே நுண்குழல்தான் நரம்புக்குள் கைனசினுக்குச் சாலை. இடுப்பருகிலிருந்து கால் விரல் வரை போகும் நரம்பிழை பெரியவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். சரக்கு போய்ச்சேரவே சில நாள் ஆகும். சாலை சிதைந்தால் கடைக்கோடிதான் முதலில் பட்டினி கிடக்கும். மருந்து எடுத்துக்கொள்ளும் பிள்ளை கால் விரல் மரத்துப்போகிறது என்று சொல்லும்போது, ஏன் விரலில் தொடங்குகிறது என்று அம்மா கேட்டால், அந்த மூன்று நொடி நடையைக் காட்டி, சுமைகாரனின் பாதை எங்கே அறுந்தது என்று விரலால் தொட்டுச் சொல்லலாம்.