குடமும் பால் பாக்கெட்டும்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் தினமும் கையாளும் இரண்டு பொருட்கள் பால் பாக்கெட்டும் பிளாஸ்டிக் குடமும். இரண்டும் பெரும்பாலும் பாலிஎதிலீன்தான். கரி, ஹைட்ரஜன் என்ற இரண்டே தனிமங்கள். ஆனாலும் ஒன்று இழுத்த இழுப்புக்கு வருகிறது, மற்றது நெளியாமல் தண்ணீர் சுமக்கிறது. கனம் மட்டும் காரணமல்ல. மூலக்கூறின் அமைப்பும் காரணம்.

1933 மார்ச்சில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனியில் கிப்சன், பாசெட் என்ற இருவர் எதிலீன் வாயுவை மிகக் கடும் அழுத்தத்தில் வைத்தபோது மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் கிடைத்தது. அதன் மூலக்கூறு நீண்ட சங்கிலி. ஆனால் கிளைவிட்ட சங்கிலி. 1953-இல் ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் கார்ல் சீக்லர், அலுமினிய, டைட்டானியச் சேர்மங்களின் துணையோடு, குறைந்த அழுத்தத்திலேயே கிளை குறைந்த நேர்ச் சங்கிலியைப் பெற்றார். மறு ஆண்டு இத்தாலியின் ஜூலியோ நட்டா, பாலிபுரொப்பிலீனில் பக்கக் கிளைகள் ஒரே பக்கமாக வரிசைப்பட்டால் உறுதி வரும் என்று காட்டினார். வரிசை தப்பினால் அதே பொருள் பிசுபிசுக்கும். 1963-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

மூங்கில் கழிகளைக் கட்டிப் பாருங்கள், நெருங்கி நிற்கும். முள் கிளைகளைக் கட்டினால் இடையிடையே சந்து விழும். அப்படித்தான் நேர்ச் சங்கிலிகள் மடிந்து மடிந்து படிகமாக அமைகின்றன. குடத்தின் விறைப்பு அதிலிருந்து வருகிறது. ஆனால் முழுக்கப் படிகமானால் கீழே விழுந்ததும் குடம் விரிசல் விடும். ஒரு படிகத்தை விட்டு வெளியே வந்து, ஒழுங்கற்ற பகுதியைக் கடந்து, அடுத்த படிகத்தில் நுழையும் சங்கிலிகள்தாம் தையல் நூல்போல இரண்டையும் பிடித்து வைக்கின்றன. அரிசி மூட்டை நெய்யும் பிளாஸ்டிக் நாடாவைச் சூடாக்கிப் பல மடங்கு இழுப்பதும், சங்கிலிகளை நீளவாக்கில் திருப்பிப் பலம் கூட்டத்தான்.

எங்கள் சமண நூலான தத்துவார்த்த சூத்திரம், அணுக்கள் கூடுவதற்குப் பசையும் வறட்சியும் காரணம் என்கிறது. அதை இந்த வேதியியலோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஆனால் எது எதோடு எப்படிச் சேர்கிறது என்ற கேள்வி பழையது.

இந்த உறுதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கரிச் சங்கிலியை மண்ணின் நுண்ணுயிர்களால் எளிதில் அறுக்க முடியாது. தெருவில் எறிந்த கவர் மாட்டு வயிற்றில் போய்த் தங்கி, வாயில்லா ஜீவனைக் கொல்கிறது. 2021 ஆகஸ்டில், டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய சோள மாவுச்சத்துப் பைகள் திருமலையில் லட்டுக்காக விற்பனைக்கு வந்தன. மாவுச்சத்தும் சங்கிலிதான்; ஆனால் அதன் கண்ணிகளை நுண்ணுயிர்கள் அறுக்கும்.

எங்கே உறுதி வேண்டும், எங்கே வேண்டாம் என்று பார்த்து வாங்குவது நம்ம கையில் இருக்கிறது. குடம் பல வருஷம் உழைக்கட்டும்; லட்டுப் பை வீடு வந்து சேரும்வரை தாங்கினால் போதும்.