நான்கெல்லைக்கு உட்பட்ட வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டுவோர் படும் பாட்டை அது சொல்கிறது. பிறர் கட்டி, பிறர் வாழ்ந்து, பிறர் விட்டுச் சென்ற வீட்டை விலை கொடுத்து வாங்குவோர்க்கென்று ஒரு முதுமொழியை நாம் கேட்டதில்லை. ஆயினும் இன்று நம் மக்களுள் பலர் அவ்வாறே வீட்டுக்கு உரியவர் ஆகின்றனர். தாய்ப் பத்திரத்தைச் சரிபார்க்கின்றனர். வில்லங்கச் சான்று பெறுகின்றனர். சார்பதிவாளர் முன் கையொப்பமிடுகின்றனர். அன்று மாலையே வீடு தமதாகிவிட்டது என்று மகிழ்கின்றனர். ஒரு வீடு உண்மையில் எப்போது ஒருவர்க்கு உரியதாகிறது? ஏற்காட்டு மலையின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தினர், ஏற்காட்டில் தாம் வாங்கிய பழைய வீடொன்றை மந்திரித்துத் தருமாறு நம்மை அழைத்தனர். ஓட்டுக் கூரை, அகன்ற தாழ்வாரம், சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக்கொடி என எல்லாம் கண்ணுக்கு இனியனவாய் இருந்தன. கிரயப் பத்திரத்தைத் திரு இருதயப் படத்தின் முன் வைத்திருந்தனர். செபித்தோம்; தீர்த்தம் தெளித்தோம்; விருந்துண்டோம். வீட்டின் பின்புறம் புதிதாய்ப் போட்டிருந்த கம்பி வேலி வெயிலில் மின்னியது. "நல்ல பாதுகாப்பு" என்று நாமும் பாராட்டிவிட்டு மலையிறங்கினோம்.

அந்த வேலி ஒரு பாதையை மறித்திருந்தது என்பதைப் பல மாதங்கள் கழித்தே அறிந்தோம். பின்னாலிருந்த சிற்றூர் மக்கள் ஊற்றுக்கும் பேருந்துச் சாலைக்கும் தலைமுறை தலைமுறையாக நடந்த ஒற்றையடிப் பாதை அது. அவ்வூர் மூதாட்டி ஒருவர் நம்மிடம், "வேலி போட்டது தப்புன்னு சொல்லலீங்க சாமி. போடுறதுக்கு முன்னால எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க" என்றார். வீட்டார் கேட்கவில்லை. மந்திரிக்கச் சென்ற நாமும் கேட்கவில்லை. இம்மலையின் கதையைத் தேடிப் படிக்க அச்சொல்லே நம்மைத் தூண்டிற்று.

மலையின் முதற்குடியினர்

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பர். சேலம் மாநகரிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாம் அடையும் இவ்வூர், சேர்வராயன் மலைத்தொடரின் நடுநாயகம். மலையின் உயர்ந்த பகுதி 5,300 அடிக்கும் மேற்பட்டது. அங்கே குகைக்குள் அமைந்த சேர்வராயன் கோவிலில் ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் விழா நடைபெறுகிறது. இவ்விழாவுக்குத் திரளும் மலைவாழ் மக்களை 'மலையாளிகள்' என்று அழைக்கிறோம். இவர்கள் கேரள நாட்டவர் அல்லர். தமிழ் பேசும் பழங்குடியினர். நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை முதலிய ஊர்களில் வாழ்பவர்கள். ராகியும் சாமையும் தினையும் விதைத்து, காட்டையும் ஊற்றையும் பொதுவாகத் துய்த்தவர்கள்.

இவர்கள் தம்மைப் பற்றிச் சொல்லிவரும் மரபுக் கதை நம் சிந்தனைக்குரியது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூன்று உடன்பிறந்தார், தம் தெய்வத்தைத் தொடர்ந்து காஞ்சியிலிருந்து புறப்பட்டு, ஆளுக்கொரு மலையேறிக் குடியமர்ந்தனர் என்பது அக்கதை. இம்மலையின் முதற்குடியினர் என்று நாம் கருதும் மக்களே தம்மை வந்தேறியோர் என்று நினைவுகூர்கின்றனர்! வந்த வழியை மறவாதிருப்பதும் ஒருவகைப் பக்தியே.

காப்பியும் பங்களாவும்

1820-களில் சேலம் மாவட்ட ஆட்சித் தலைவராய் இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார். அவரோடு தொடர்புடைய 'கிரேஞ்ச்' என்னும் மாளிகை, ஏற்காட்டின் மிகப் பழைய கட்டடங்களுள் ஒன்றாக இன்றும் சுட்டப்படுகிறது. அவரைப் பின்பற்றி வெள்ளையர் பலர் தோட்டம் போட்டனர். 1853இல் ஆங்கிலத் திருச்சபையினரின் பரிசுத்த திரித்துவ ஆலயம் எழுந்தது. 1860-களில் சென்னை இருப்புப்பாதை சேலத்தை எட்டிய பின், சமவெளியின் கோடையிலிருந்து தப்பிக் குளிர்ந்த மலையை நாடுவோர் பெருகினர். ஏரியைச் சூழ்ந்து பங்களாக்கள் தோன்றின. ஒவ்வொன்றுக்கும் எண்ணுக்குப் பதிலாக ஒரு பெயர் இருந்தது.

ஆட்சியாளரின் கணக்கேட்டில் பயிரிடப்படாத நிலம் 'தரிசு' எனப்பட்டது. மலைமக்களின் கண்ணில் அதுவே மேய்ச்சல் நிலம். புனம் மாற்றி விதைக்கக் காத்திருக்கும் காடு. தேனும் கிழங்கும் தரும் தாய்மடி. ஒரே நிலத்துக்கு இரு பெயர்கள். ஆனால் பத்திரத்தில் ஏறியது ஒரு பெயர் மட்டுமே.

அக்காலத்து ஏற்காட்டு இல்லங்களுள் நம் மனத்தைக் கவர்வது 'ஐவி காட்டேஜ்'. அங்கு வாழ்ந்தவர் இராபர்ட் புரூசு பூட் என்னும் நிலவியல் அறிஞர். 1863இல் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வித்திட்டவர் இவரே. இவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர்; யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத் தமிழாக்கப் பணியில் ஈடுபட்டவர். அவரும் முதுமையில் ஏற்காட்டிலேயே தங்கினார். இவ்வாறு உறவின் வழியே இம்மலை பூட்டுக்கு வீடாயிற்று.

பூட் திரட்டிய தொல்பொருள்களைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904இல் பெற்றுக்கொண்டது. சேர்வராயன் மலையில் கிடைத்த, வழுவழுப்பாகத் தீட்டப்பட்ட கற்கோடரிகளும் அத்தொகுப்பில் உண்டு. பத்திரம், பட்டா என்ற சொற்கள் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கு மரம் வெட்டி, குடிசையிட்டு, பிள்ளை வளர்த்தவர்கள் இருந்தனர் என்பதற்கு அக்கற்களே சான்று. 1912இல் கல்கத்தாவில் மறைந்த பூட்டின் சாம்பல், ஏற்காட்டின் திரித்துவ ஆலயத்தை வந்தடைந்தது. மண்ணுக்கடியில் முன்னோரைத் தேடியவர் அம்மண்ணிலேயே அடக்கமானார்.

கைமாறிய வீடுகள்

கத்தோலிக்கத் திருச்சபையும் இம்மலைக்கு வந்தேறிய ஒன்றே. 1894இல் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் திரு இருதயப் பள்ளியைத் தொடங்கினர். 1917இல் புனித கபிரியேல் சபைச் சகோதரர் மான்போர்ட் பள்ளியை நிறுவினர். 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவாயிற்று. கல்வியின் பொருட்டு மலையேறிய பிள்ளைகளைப் பார்க்க வந்த பெற்றோர், நாளடைவில் இங்கே ஒரு கூரை வேண்டும் என்று எண்ணலாயினர்.

1947இல் நாடு விடுதலை பெற்றபின் வெள்ளையரும் ஆங்கிலோ இந்தியருள் பலரும் இங்கிலாந்துக்கும் ஆத்திரேலியாவுக்கும் கப்பலேறினர். அவர்தம் வீடுகள் நம்மவர் கைக்கு வந்தன. வீட்டின் ஆங்கிலப் பெயரும், கணப்படுப்பும், கொல்லையில் பேரி மரமும் அப்படியே இருந்தன. தோட்டத்தைப் பேணிய மலையாளிக் குடும்பமும் பலவிடங்களில் அப்படியே இருந்தது. முதலாளியின் பெயர் மட்டும் மாறிற்று. இன்றோ தோட்டங்கள் மனைகளாகின்றன. மனைகள் வார இறுதி மாளிகைகளாகின்றன. விற்பவரும் வாங்குபவரும் கூடிப் பேசுமிடத்தில் பாதையில் நடப்பவருக்கு இருக்கை இல்லை.

பத்திரம் சொல்லும் உண்மை

நம் கிரயப் பத்திரங்களை ஊன்றிப் படித்தால் அவை நம்மைவிட ஞானமுள்ளவை என்பது விளங்கும். 'இதற்குச் செக்குபந்தி' என்று தொடங்கி, இன்னாருடைய நிலத்துக்கு வடக்கு, இன்னாருடைய வீட்டுக்குக் கிழக்கு, பொதுப் பாதைக்குத் தெற்கு என நான்கெல்லையையும் அவை வகுத்துரைக்கின்றன. அண்டை வீட்டாரின் பெயரைச் சொல்லாமல் என் வீடு எங்கிருக்கிறது என்று சொல்லவே இயலாது! நான்கெல்லைக்கு உட்பட்டதே என் வீடு. அந்நான்கு எல்லைகளையும் எனக்குத் தருபவர் அயலார். பழைய பத்திரங்கள் மாவடை, மரவடை, கிணறு ஆகியவற்றோடு வழிநடைப் பாத்தியத்தையும் மறவாமல் குறித்தன.

சட்டமும் இதை அறியும். சொத்து மாற்றுச் சட்டம் பிறந்த அதே 1882ஆம் ஆண்டில், வழியுரிமை, நீருரிமை முதலியவற்றைக் காக்கும் சட்டமும் பிறந்தது. பிறர் நிலத்தின் வழியே ஒருவர் உரிமையோடும் வெளிப்படையாகவும் அமைதியாகவும் இடையீடின்றி இருபது ஆண்டுகள் நடந்துவந்தால், அவ்வழி அவர்க்குரியதாகும் என்பது அதன் கருத்து. எழுதப்படாத பத்திரமாகக் காலடித் தடத்தையும் சட்டம் ஏற்கிறது. ஆனால் ராகி மூட்டையைச் சுமப்பவர் வழக்கு மன்றத்தின் படியேறி அதை மெய்ப்பிப்பது எளிதன்று. ஆகவே சட்டம் பேசுமுன் மனச்சான்று பேச வேண்டும்.

ஆபிரகாம் வாங்கிய நிலம்

திருவிவிலியத்தில் விரிவாகச் சொல்லப்படும் முதல் நிலக்கிரயம் தொடக்க நூல் 23ஆம் அதிகாரத்தில் உள்ளது. நூற்று இருபத்தேழு வயதில் சாரா இறந்தபோது, அவரை அடக்கம் செய்ய ஆபிரகாமுக்குச் சொந்தமாக ஒரு முழ மண்ணும் இல்லை. அந்நாடு முழுவதையும் அவர்தம் வழிமரபினருக்குத் தருவதாக இறைவன் வாக்களித்திருந்தார். ஆனால் ஆபிரகாம் அவ்வாக்கை அயலாரிடம் காட்டி உரிமை கோரவில்லை. தாம் அவர்கள் நடுவே தங்கியுள்ள அந்நியரே என்று சொல்லிக்கொண்டு, இத்தியர் முன் தாழ்ந்து வணங்கினார். இலவசமாய்த் தருவதாக எப்ரோன் சொன்னபோதும் நானூறு வெள்ளிக் காசை நிறுத்துக் கொடுத்தார். நகர வாயிலில் ஊரார் அனைவரும் சான்றாயிருக்க, நிலமும் குகையும், எல்லைக்குள் நின்ற மரங்களும் அவருக்கு உறுதியாயின. நம் பத்திரத்தின் மாவடை மரவடையை இங்கேயே காண்கிறோம்! பணம் கொடுத்தார், ஆனால் பணத்துக்கு முன் வணக்கத்தைக் கொடுத்தார்.

நிலத்தை என்றென்றைக்குமாக விற்கக்கூடாது, நிலம் இறைவனுடையது, மாந்தர் அவரோடு தங்கியிருக்கும் விருந்தினரே என்று லேவியர் நூல் கற்பிக்கிறது. தனியுடைமை நேரியது, ஆயினும் அதன் பயன்பாட்டில் அதைப் பொதுவானதாகக் கருதி, தேவையில் இருப்போர்க்குத் தயங்காது பகிர வேண்டும் என்று புனித அக்குவினா தோமா விளக்கினார். 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ தம் சுற்றுமடலில் தனியுடைமையை உறுதியாகக் காத்தபோதே இப்போதனையையும் எடுத்துரைத்தார். வாங்குவது பாவமன்று. வாங்கியதால் வந்தவழி மறந்துபோவதே தீங்கு.

நாம் மீண்டும் அக்குடும்பத்தாரைச் சந்தித்தோம். அவர்கள் கொடியவர் அல்லர். அவர்களுடைய பத்திரத்தில் பாதை குறிக்கப்படவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. பிள்ளைகளின் பாதுகாப்பை எண்ணியே வேலியிட்டிருந்தனர். சில நாட்கள் தயங்கியபின் வேலியில் ஓரிடத்தைத் திறந்து மூங்கிற்படல் ஒன்றை அமைத்தனர். அது சற்றுக் குறுகலானது. தலைச்சுமையோடு வருவோர் ஒருக்களித்தே நுழைய வேண்டியுள்ளது. அதை அகலமாக்குமாறு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது வீடு மந்திரிக்க அழைப்போரிடம், தீர்த்தச் செம்பை எடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்கிறோம். உங்களுக்கு முன் இங்கு வாழ்ந்தவர் யார்? உங்கள் நான்கெல்லையில் இருப்போரின் பெயர்கள் உங்களுக்குத் தெரியுமா? இந்நிலத்தின் வழியே நடந்தவர் எவரேனும் இன்று சுற்றிப் போகின்றனரா? விடை தெரியாதவர்களோடு முதலில் அயல்வீடுகளுக்கு நடந்து செல்கிறோம். வீட்டை மந்திரிப்பது அதன் பின்னரே.