தமிழகச் சட்டசபையின் சபாநாயகர்: அதிகாரம் என்ன, எல்லை எது?

2013 மார்ச் 27 அன்று தமிழகச் சட்டசபை ஈழத்தமிழர் தொடர்பில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. தனி ஈழம் குறித்துப் பொது வாக்கெடுப்பு நடத்த இந்தியா ஐ.நா. பாதுகாப்புச் சபையில் முயற்சி எடுக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கைகளில் ஒன்று. அதைக் கொண்டுவந்த முதலமைச்சர் ஜெயலலிதாவின் பெயர் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது சபாநாயகராக இருந்த ப. தனபாலின் பெயரை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

நான்கரை ஆண்டுகளின் பின், அதே தனபால் பிறப்பித்த ஒரே உத்தரவு 18 உறுப்பினர்களின் பதவியைப் பறித்தது. ஓர் அரசு தப்பிப் பிழைக்கவும் அது வழிவிட்டது. சபாநாயகர் என்றால் "அமைதி, அமைதி" என்று மணி அடிப்பவர் என்றே பலரும் எண்ணுகிறோம். அந்தக் கதிரையில் இருப்பவரால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

தெரிவும் நீக்கமும்

தமிழகத்தில் இப்பதவியின் அதிகாரபூர்வப் பெயர் பேரவைத் தலைவர். இந்திய அரசியலமைப்பின் 178ஆவது உறுப்புரைப்படி சட்டசபை உறுப்பினர்கள் தமக்குள் ஒருவரைத் தெரிவு செய்கிறார்கள். பெரும்பான்மை ஆளுங்கட்சியிடம் இருப்பதால் சபாநாயகரும் பெரும்பாலும் அக்கட்சிக்காரரே. பிரித்தானியாவில் சபாநாயகராகத் தெரிவாகிறவர் தன் கட்சியை விட்டு விலகிவிடுவார். இந்தியாவில் அந்த மரபு வேரூன்றவில்லை.

அவரை நீக்க 14 நாள் முன்னறிவித்தல் கொடுத்துத் தீர்மானம் கொண்டுவர வேண்டும். அப்போதுள்ள மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் அதை ஆதரிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் விவாதிக்கப்படும்போது அவர் அவைக்குத் தலைமை தாங்க முடியாது.

அவைக்குள் அன்றாடப் பணி

யார் பேசலாம், எவ்வளவு நேரம், எந்தச் சொல்லைக் குறிப்பிலிருந்து நீக்குவது, யாரை வெளியேற்றுவது என்பதெல்லாம் அவர் கையில். ஒரு சட்டமூலம் நிதிச் சட்டமூலமா என்பதிலும் அவர் முடிவே இறுதியானது. சாதாரணமாக அவர் வாக்களிப்பதில்லை. வாக்குகள் சமமாகப் பிரிந்தால் மட்டும் தீர்மானிக்கும் வாக்கு அவருடையது.

பத்தாவது அட்டவணை

1985இல் 52ஆவது திருத்தம் மூலம் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை என்பது இதுதான். கட்சி உறுப்புரிமையைத் தானாக விட்டுக்கொடுத்தாலோ, கொறடாவின் கட்டளையை மீறி வாக்களித்தாலோ பதவி பறிபோகலாம். இந்த வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைச் சட்டம் சபாநாயகரிடமே கொடுத்தது. கட்சிக்காரர் ஒருவரே கட்சிச் சண்டைக்கு நீதிபதியானார்.

பதினெட்டுப் பேரும் பதினொரு பேரும்

2016 டிசெம்பரில் ஜெயலலிதா மறைந்தபின் அ.தி.மு.க. பிளந்தது. 2017 பெப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு நம்பிக்கை வாக்குக் கோரியது. இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்ற கோரிக்கையைச் சபாநாயகர் ஏற்கவில்லை. அமளிக்குப் பின் தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அரசு 122க்கு 11 என்று வென்றது. எதிர்த்து வாக்களித்த 11 பேரும் ஓ. பன்னீர்செல்வம் அணியினர்.

அந்த அணி ஓகஸ்டில் பழனிசாமியுடன் இணைந்தது. மறுநாள், ஓகஸ்ட் 22 அன்று, டி.டி.வி. தினகரன் ஆதரவாளர்கள் 19 பேர் முதலமைச்சர்மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் திரும்பிவிட்டார். மீதி 18 பேரையும் செப்டெம்பர் 18 அன்று தனபால் தகுதி நீக்கம் செய்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கணக்கைப் பாருங்கள். அப்போது அவையில் 233 பேர்: அ.தி.மு.க. சின்னத்தில் வென்றவர்கள் சபாநாயகரோடு 135, தி.மு.க. அணி 98. அந்த 18 பேரும் எதிரணியோடு வாக்களித்திருந்தால் எதிர்ப்பு 116. சபாநாயகரை விட்டுவிட்டால் அரசின் பக்கம் அதிகபட்சம் 116. தகுதி நீக்கத்தின்பின் அவை 215 ஆகச் சுருங்கியது. பெரும்பான்மைக்கு 108 போதும் என்றானது.

நம்பிக்கை வாக்கெடுப்பிலேயே எதிர்த்து வாக்களித்த 11 பேரின் கதை வேறு. அவர்களுக்கெதிரான முறைப்பாட்டில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளாக முடிவே வரவில்லை. 2020 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் விவகாரத்தைச் சபாநாயகரிடமே விட்டது. ஒரே சபாநாயகர், ஒரே சட்டம். ஒரு கோப்பு வாரங்களில் முடிந்தது; மற்றது ஆண்டுக்கணக்கில் கிடந்தது. தீர்ப்புச் சொல்வது போலவே, சொல்லாமல் இருப்பதும் ஓர் அதிகாரம்.

நீதிமன்றம் எங்கே நுழையலாம்

சபாநாயகரின் தகுதி நீக்க முடிவு நீதிமன்ற மீளாய்வுக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது. ஆனால் பொதுவாக, முடிவு வந்தபின்தான் நீதிமன்றம் போகலாம். 18 பேரின் வழக்கில் 2018 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இருவிதமாகத் தீர்ப்பளித்தார்கள். ஒக்டோபர் 25 அன்று மூன்றாவது நீதிபதி சபாநாயகரின் முடிவை உறுதிசெய்தார். 2019இல்தான் இடைத்தேர்தல் நடந்தது. அதுவரை 18 தொகுதி மக்களுக்குச் சட்டசபையில் குரல் இல்லை.

2020 ஜனவரியில், மணிப்பூர் வழக்கொன்றில், இத்தகைய முறைப்பாடுகளை வழமையாக மூன்று மாதங்களுக்குள் தீர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இந்த அதிகாரத்தைச் சபாநாயகரிடமிருந்து எடுத்துச் சுயாதீனத் தீர்ப்பாயம் ஒன்றிடம் கொடுப்பது பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது.

எழுதுகிறவர்கள்மீதும்

அவையின் சிறப்புரிமை என்ற பெயரில் ஊடகங்களும் தண்டிக்கப்பட்டிருக்கின்றன. 1987இல், பி.எச். பாண்டியன் சபாநாயகராக இருந்தபோது, ஓர் அட்டைப்படக் கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களில் விடுதலையானார். 2003இல் தி இந்து பத்திரிகையாளர்களுக்கு 15 நாள் சிறை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது.

நம் பக்கம்

இலங்கையில் கட்சி மாறும் நாடாளுமன்ற உறுப்பினரின் பதவியைச் சபாநாயகர் தீர்மானிப்பதில்லை. கட்சி அவரை விலக்கும். அவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். (நாம் உயர் நீதிமன்றம் என்பது நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தை, இந்தியாவில் அப்பெயர் மாநில மட்ட நீதிமன்றத்துக்குரியது.) இந்த ஒரு விடயத்தில் நம் ஏற்பாடு மேலானது என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் அவையை நடத்தவே ஒரு கதிரை வேண்டும் என்பதை 2018 நவம்பரில் கொழும்பில் கண்டோம். சபாநாயகர் கரு ஜயசூரியவின் ஆசனத்தை உறுப்பினர்கள் பிடித்துக்கொள்ள, அவர் பொலிஸ் பாதுகாப்போடு அவைக்குள் வந்து வாக்கெடுப்பை நடத்தினார். மிளகாய்த்தூள் வீச்சுக்கு நடுவிலும் அவை கூடியதால்தான் பெரும்பான்மை யார் பக்கம் என்பது பதிவானது.

வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2015 பெப்ரவரியில் இனப்படுகொலைத் தீர்மானத்தை நிறைவேற்றிய அவை அது. காணிக்காகவும் காணாமல் ஆக்கப்பட்டோருக்காகவும் தெருவில் நிற்கும் மக்களுக்கு, தம் பேச்சைப் பதிவுசெய்ய ஓர் அவை இருந்தது. இப்போது அதன் கதிரைகள் வெறுமையாக இருக்கின்றன. மீண்டும் தேர்தல் வந்தால் முதலமைச்சர் யார் என்றுதான் எல்லோரும் கேட்போம். அவைத் தலைவர் யார், எந்தப் பிரேரணையை அவர் எடுப்பார், எதைக் கிடப்பில் போடுவார் என்பதையும் அன்றே கேட்டு வைப்பது நல்லது.